மேகம் வந்தால் அள்ளாதே

விளையாட்டில் ஜெயிப்பதற்காகப் பதினோரு வருடத் தோழியை விரட்டினேன் என்று சொன்னால், கபடி, வாலிபால் என்று ஏதோ பெரிய போட்டியை நினைத்துக்கொள்வீர்கள். அது போனில் தக்காளி பறிக்கிற விளையாட்டு. மூன்று வயதுக் குழந்தைகூட விளையாடலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

எனக்கு ரத்த அழுத்தம் ஏறியதில் ஆரம்பித்தது எல்லாம். மாத்திரை கொடுத்த நர்ஸம்மா, "டென்ஷன் ஆவாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? என் மகள் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறாள். அவள்தான் என் போனை வாங்கி இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

"எங்க கெஸ்ட் ஹவுஸ்ல தங்குற வெள்ளக்காரங்க எல்லாம் மனசு அமைதிக்கு இததாம்மா விளையாடுறாங்க. ஜெயிக்கறது, தோக்கறது எதுவும் கெடயாது. சும்மா செடிய பாத்துனு இருக்கலாம்."

திறந்தால் ஒரு கோழி வரும். தலையில் முண்டாசு கட்டிய மஞ்சள் கோழி. செய்தி வாசிக்கிறவர் மாதிரி சுத்தத் தமிழில் பேசும். 'அவசரம் வேண்டாம். மெதுவாக விளையாடுங்கள். இது உங்கள் ஓய்வு நேரம்' என்று எழுத்தும் வரும், குரலும் வரும். நமக்கென்று ஒரு துண்டு நிலம். விதை போட்டால் முளைக்கும், காய்த்தால் விரலால் தொட்டுப் பறிக்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு வாரம் ஒழுங்காகச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் 'நண்பர்களோடு சேர்ந்து பறியுங்கள்' என்று கோழி சொன்னது. பத்து பேர் வரை ஒரு குழு, பறித்ததெல்லாம் ஒரே வண்டியில் ஏறும், எந்தக் குழுவின் வண்டியில் பாரம் அதிகம் என்று சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் வரும் என்றது. பட்டியல் என்று சொன்ன பிறகு என்னை யார் பிடிக்க முடியும்?

நான் மரக்காணத்தில் உப்பளத்து வேலைக்குப் போகிறவள். எங்கள் அளத்தில் பெண்கள் பதிமூன்று பேர். விடியும் முன்பே இறங்கிப் பாத்தியில் விளைந்த உப்பை வாரி, கூடையில் நிரப்பி, தலையில் சுமந்து வரப்பு மேட்டில் கொட்டிக் குவிக்க வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்குள் கரையேறிவிடுவோம். நடுவில் பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில்தான் நான் ஒன்பது பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தேன். என் மகள் அதற்கு 'சால்ட் குயின்ஸ்' என்று பெயர் வைத்தாள். குழுவுக்குத் தலைவி நான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, எதிர்த்தும் யாரும் நிற்கவில்லை.

முதலில் சேர்த்தது என் ஜோடியைத்தான். ஜோடி என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். உப்பு நிரம்பிய கூடையை யாராலும் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரில் ஒருத்தி நின்று ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அதற்குத்தான் ஜோடி. என் கூடையை அவள் தூக்குவாள், அவள் கூடையை நான் தூக்குவேன். காலையில் வந்ததும் தலையில் சுருட்டி வைக்கிற சும்மாட்டுத் துணியை ஜோடியின் துணிக்குப் பக்கத்தில் வரப்பில் வைத்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்குவோம். ஜோடியை மாற்றுவதென்றால் பேச்சு எதுவும் கிடையாது. துணி வேறு இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

என் ஜோடி என்னைவிட ஆறு வயது பெரியவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதினோரு வருடமாக அவள் துணிக்குப் பக்கத்தில்தான் என் துணி. என் மகள் வயதுக்கு வந்தபோதும், என் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து குந்தியபோதும், நான் முதலில் போய்ச் சொன்னது அவளிடம். அவளுக்கு எழுத்து வராது. அவள் போனில் எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவாள், நான் படித்துச் சொல்வேன். விளையாட்டில் கோழி எழுத்தில் மட்டும் ஏதாவது காட்டினாலும் அப்படித்தான்.

குழு அமைத்து இரண்டு மாதம், பட்டியலில் இருந்த படிகளில் நாங்கள் ஆகக் கீழே, அடிப்படியிலேயே கிடந்தோம். எனக்குப் புரியவே இல்லை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற பத்து பெண்கள் நாங்கள், தூக்கத்தில்கூடக் கை வேலை செய்யும். ஆனால் எங்கள் வண்டி காலியாகவும், யாரோ முகம் தெரியாதவர்களின் வண்டி முட்ட முட்டவும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நான் விளையாடுவதைப் பார்த்தாள். நிலத்துக்கு மேலே சிரித்த முகத்தோடு ஒரு மேகம் மிதந்து வந்தது. நான் படபடவென்று எல்லாவற்றையும் பறித்து வண்டியில் போட்டேன்.

"எதுக்கும்மா இப்ப அள்றே?"

"மேகம் வருதுல்ல?"

"அதான் கேக்குறேன். மழ பெஞ்சா செடியில இருக்கறதெல்லாம் டபுள் ஆவும்மா. அதுக்குதான் மேகமே வருது. எல்லாரும் அதுக்குதான் காத்துனு இருப்பாங்க."

நான் வாயைப் பிளந்தேன். மறுநாள் கஞ்சி வேளையில் விசாரித்தால், பத்து பேரும் அதையேதான் செய்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. மேகத்தைப் பார்த்ததும் அள்ளியிருக்கிறோம். அதிலும் இரண்டு பேர், மழைக்கு முந்திவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு வேறு இருந்திருக்கிறார்கள். மழை விழுந்தால் காய் பெருக்கும் என்பது உலகத்தில் எல்லாருக்கும் தெரியும், உப்பளத்தில் இறங்கியவர்களைத் தவிர.

அன்றிலிருந்து பயிற்சி. மேகம் வந்தால் போனைக் கீழே வை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டு, பத்து எண்ணு. நான் எதிரில் நின்று பார்ப்பேன். "கைய வெக்காத! வுடு, பெய்யட்டும்!" என்று கத்துவேன். கோழி 'இது உங்கள் ஓய்வு நேரம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ரத்த அழுத்த மாத்திரை அந்த மாதம் ஒன்றிலிருந்து இரண்டானது. ஆனால் ஏறினோம். மரப்படி, வெண்கலப்படி, வெள்ளிப்படி. ஒன்பது பேர் கையைக் கட்டப் பழகிவிட்டார்கள்.

அக்காவுக்கு மட்டும் வரவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டுவாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவாள். நாலில் கை முன்னால் வந்துவிடும்.

"இன்னாக்கா, சொல்லினே இருக்கேன்..."

"தெரியுதுடி. கண்ணால மேகத்த பாத்துனு சும்மா குந்தினு இருக்க முடியலயே. இன்னா பண்ணச் சொல்றே?"

அவளுக்குக் காரணம் இருந்தது, எனக்கும் அது தெரியும். முன்பு ஒரு வருடம் அவளும் அவள் கணவரும் நாலு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக உப்பு விளைய வைத்தார்கள். சித்திரையில் ஒரு நாள் வானம் இருட்டியபோது, சோற்றைத் தின்றுவிட்டு அள்ளலாம் என்றிருக்கிறார் அவர். தட்டு காலியாவதற்குள் நாலு பாத்தி உப்பும் கரைந்து தண்ணீராகிவிட்டது. அக்கா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள், அதுவும் ஒரே ஒரு முறை. அதைக் கேட்டபோது நான் அழுதேன். தங்கப்படிக்கு ஏறுகிற வாரத்தில் அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை பதினொன்றரைக்கு, வேலைக்கு நடுவில் போனை எடுத்துப் பார்த்தபோது, நாங்கள் மூன்றாம் இடத்தில் இருந்தோம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தங்கப்படி ஏறலாம். கடைசி மேகம் வந்தது. ஒன்பது பேர் காத்திருந்தோம். அக்கா அள்ளிவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு நாலாம் இடம். பாரத்தில் வித்தியாசம் பத்துத் தக்காளி. கோழி குட்டிக்கரணம் போட்டு, 'பரவாயில்லை! விளையாடியதே மகிழ்ச்சி!' என்றது. அதன் கழுத்தைத் திருகிக் குழம்பு வைக்கலாம் போல இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை கஞ்சி வேளையில், எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, தலைவிக்கு மட்டும் உள்ள பொத்தானைத் திறந்தேன். அக்காவின் பெயருக்கு நேரே அழுத்தினேன். 'உங்கள் தோழியை நிச்சயமாக வழியனுப்ப வேண்டுமா?' என்று கோழி கேட்டது. கோழிக்கு இருந்த யோசனைகூட எனக்கு இல்லை. ஆம் என்பதை அழுத்தினேன்.

இரண்டு கை தூரத்தில் அக்காவின் போன் மணியடித்தது. அவள் கஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல என்னிடம் நீட்டினாள்.

"இன்னா எழுதிகிதுன்னு பாருடி."

இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். பத்துத் தக்காளிக்குக் கணக்குப் போட்டவளுக்கு, அந்தப் போன் என்னிடம்தான் வரும் என்று போடத் தெரியவில்லை. வாங்கிப் பார்த்தேன். 'உங்கள் தோட்டம் இப்போது தனியாக இருக்கிறது. கவலை வேண்டாம்! புதிய நண்பர்களைத் தேடுங்கள்!' என்று இருந்தது. கீழே கோழி கண்ணடித்தது.

"ஒண்ணுமில்லக்கா, வெளம்பரம்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அக்காவின் அந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வந்தவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான். பதிமூன்று பேரில் ஆறு ஜோடி போக மிஞ்சியவள் அவள், ஜோடி இல்லாமல் அரைக் கூடையாகச் சுமந்துகொண்டிருந்தாள். எங்கள் விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டாவது படித்தவள், எதைப் பார்த்தாலும் படிப்பாள். அக்கா கையில் இருந்த போனைப் பார்த்து, உதவி செய்கிற நினைப்பில், கோழி எழுதியதை ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்துவிட்டாள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பாத்திரத்தைக் கழுவினாள். அன்று மீதி நேரமெல்லாம் என் கூடையைச் சரியாகத்தான் தூக்கிவிட்டாள், பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டையாவது முடிந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலை நான் போனபோது அவள் சும்மாட்டுத் துணி புதியவளின் துணிக்குப் பக்கத்தில் இருந்தது.

இப்போது மிஞ்சியவள் நான். தனியாகத் தலைக்கு ஏற்ற வேண்டுமானால் அரைக் கூடைக்கு மேல் முடியாது. மற்றவர்கள் ஒரு நடை நடக்கிற உப்புக்கு நான் இரண்டு நடை. யாரையாவது கூப்பிட்டால் தூக்கிவிடுவார்கள்தான், ஆனால் அவளவள் ஜோடி காத்திருக்கும்போது எத்தனை தரம் கூப்பிடுவது? மேஸ்திரி தூரத்தில் நின்று, "இன்னாம்மா, ராணிக்கு ஆள் இல்லியா?" என்று கேட்டார். ராணி என்று எங்களுக்குப் பெயர் வந்தது இந்த விளையாட்டால்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அக்காவின் இடத்தில் என் மகளைச் சேர்த்தேன். அவள் மழைக்குக் காத்திருப்பதில் கெட்டிக்காரி. அந்த வாரமே தங்கப்படி ஏறினோம். திரை முழுக்க வாணவேடிக்கை. கோழி முண்டாசை அவிழ்த்துச் சுழற்றி ஆடியது. நான் போனைத் தூக்கிக்கொண்டு, "யக்கா..." என்று திரும்பிவிட்டேன். அவள் நாலு பாத்தி தள்ளி புதியவளின் கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். காட்டுவதற்கு வேறு ஆள் எனக்குத் தெரியவில்லை. தங்கம் அன்றே கசந்துவிட்டது, ஆனாலும் விளையாடுவதை நிறுத்தினேனா? அதுதான் இல்லை.

சித்திரையில் இன்னொரு சனிக்கிழமை. வேலை அதிகம், கஞ்சிக்கு உட்காரவே பதினொன்றாகிவிட்டது. தங்கப்படியிலும் மூன்றாம் இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அளத்தில் இருந்த ஒன்பது ராணிகளும் வட்டமாகக் குந்தி, ஒவ்வொருத்தியும் தன் போனுக்குள் தலையை விட்டிருந்தோம். வெயிலில் திரை சரியாகத் தெரியாது, முந்தானையைக் குடையாகப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். திடீரென்று திரை நன்றாகத் தெரிந்தது. தக்காளியின் சிவப்பு பளிச்சென்று இருந்தது. அப்பாடா, வெயில் தணிந்தது என்று சந்தோஷப்பட்டேன். சித்திரை மாதம், பாத்தி நிறைய உப்பு, உப்பளத்துக்காரி ஒருத்தி நிழல் வந்ததற்குச் சந்தோஷப்பட்டாள்.

"மேகம்! ஏய், மேகம்!"

அக்காவின் குரல். நாங்கள் ஒன்பது பேரும் எந்த மேகம் என்று முதலில் போனைத்தான் பார்த்தோம். அப்புறம்தான் ஒருத்தி தலையைத் தூக்கினாள். கிழக்கே கடல் பக்கம் வானம் தார்ப்பாய் போட்டு மூடியது போல இருந்தது. அக்காவும் புதியவளும் ஏற்கெனவே பாத்தியில் இறங்கி வாரிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஓட்டம்தான். போனெல்லாம் கஞ்சிப் பாத்திரங்களோடு கிடந்தது. வாரு, நிரப்பு, தூக்கு, கொட்டு. மேஸ்திரி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் நான் பழைய பழக்கத்தில் கூடையை முழுசாக நிரப்பிவிட்டேன். நிரப்பிவிட்டு எதிரில் பார்க்கிறேன், யாரும் இல்லை. பாதியைக் கொட்ட மனசு வரவில்லை. முட்டி வரை தூக்கினேன், அதற்கு மேல் ஏறவில்லை. முதல் துளி பிடரியில் விழுந்தது. கூடையைக் கட்டிக்கொண்டு அழாத குறையாக நின்றேன்.

"தலையக் குடு."

எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி வைத்துவிட்டாள். நான் திரும்புவதற்குள் புதியவளிடம் போய்விட்டாள். கடைசி இரண்டு பாத்தி கரைந்துபோனது. மற்றதெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் தப்பியது. நனைந்து நடுங்கிக்கொண்டே வந்து போனை எடுத்துப் பார்த்தால், மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. எட்டாம் இடம். பரவாயில்லை என்றது கோழி. அன்றைக்கு மட்டும் அது சொன்னது சரி என்று பட்டது.

சரி, அக்கா கை கொடுத்துவிட்டாள், திங்கட்கிழமை துணி என் பக்கம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. மழைக்காக உப்பைத் தூக்கினாளே தவிர எனக்காக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வந்தது வேறு. அந்த மழைக்கு அப்புறம் என் கை கெட்டுப்போய்விட்டது. போனில் சிரித்த முகத்தோடு மேகம் வரும், நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டுவேன், ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் பிடரியில் அந்தத் துளி விழும். அள்ளிவிடுவேன். எத்தனை தரம் முயன்றாலும் இதே கதைதான். தலைவி பதவியை மகளிடம் கொடுத்துவிட்டு, ஒழுங்காகப் பயிற்சி எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் பொறுமையாக இரண்டு வாரம் பார்த்தாள்.

மூன்றாவது திங்கட்கிழமை கஞ்சி வேளையில் என் போன் மணியடித்தது. உங்கள் தோட்டம் இப்போது தனியாக இருக்கிறது. மகளுக்குப் போன் போட்டேன்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ மேகம் வந்தா அள்ளிட்ற. மத்தவங்கள்லாம் ஃபீல் பண்றாங்க."

நான் பெற்ற பெண். என் புத்தி அப்படியே இருக்கிறது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த ராணிகள் எல்லாரும் கஞ்சிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஆக, அன்றைக்கு அக்காவுக்கு இப்படித்தான் இருந்திருக்கிறது. அதற்கு மேல் அவளிடம் பொய் வேறு சொன்னேன்.

எழுந்து அக்காவிடம் போனேன். புதியவளும் பக்கத்தில் இருந்தாள். போனை எடுத்து, 'உங்கள் தோட்டம் இப்போது தனியாக இருக்கிறது. கவலை வேண்டாம்! புதிய நண்பர்களைத் தேடுங்கள்!' என்று ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்தேன்.

அக்கா கஞ்சிப் பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"வெளம்பரமா?" என்றாள்.

"இல்லக்கா. அன்னிக்கும் இல்ல. நான்தான் உன்ன தூக்குனேன், தூக்கிட்டு பொய் சொன்னேன். மன்னிச்சிடுக்கா."

"உன்ன யாரு தூக்குனா?"

"எம் பொண்ணு."

"நீ இன்னாடி பண்ணே?"

"மேகம் வந்துச்சு. அள்ளிட்டேன்."

அக்கா சிரித்தாள். சும்மா சிரிப்பு இல்லை, கஞ்சி புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, புதியவள் தலையில் தட்ட வேண்டியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் சேர்த்து மூக்கைச் சிந்தினேன்.

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். இத்தனை நாளும் தனியாக விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அடிப்படியில் அவள் தோட்டம் அழகாக இருந்தது. வேலி ஓரத்தில் சாமந்தி வைத்திருந்தாள். சாமந்திக்குப் பாரம் கிடையாது என்பதால் எங்கள் குழுவில் அதை நான் தடை செய்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் தேடுகிற மனசு அமைதி எங்கள் அளத்தில் ஒருத்திக்குத்தான் கிடைத்திருக்கிறது, அதுவும் நான் விரட்டிவிட்டதால்.

"இதுல உன் பேர எப்படிடி போடறது? போட்டுக்கோ. ஆனா மேகம் வந்தா அள்ளணும். காத்துனு இருந்தே, தூக்கிடுவேன்."

போட்டுக்கொண்டேன். இப்போது நாங்கள் இருவர் குழு. வாராவாரம் கடைசி இடம்.

மறுநாள் காலை வரப்பில் போய்ப் பார்த்தேன். அக்காவின் துணி புதியவளின் துணிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் நின்றதைப் பார்த்துவிட்டு, "நான் அங்க வந்துட்டா இவ எங்க போவா?" என்றாள் அக்கா. அப்புறம் தன் துணியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். மூன்று பேர் ஜோடி எங்கள் அளத்தில் அதுவரை கிடையாது. முதலில் புதியவளின் கூடை, அடுத்தது அக்காவுடையது, கடைசியில் என்னுடையது. கூடை நிறைய உப்போடு, அவர்கள் கொட்டிவிட்டுத் திரும்பி என் முறை வரும்வரை நின்றுகொண்டிருப்பேன்.